வேலிக்கு வெளியே: அடையாற்றுக் கழிமுகத்தின் பூங்காக்கள், பாடங்கள், தன்னார்வலர்கள்

சென்னையில், அடையாறு சைதாப்பேட்டையைத் தாண்டிக் கடலைச் சேரும் கடைசிச் சில கிலோமீட்டர்களில், மிதிவண்டியில் ஒரு காலைப் பொழுதுக்குள் சுற்றி வந்துவிடக்கூடிய தொலைவுக்குள், நான்கு வகையான இயற்கை இடங்கள் இருக்கின்றன. கிண்டி தேசியப் பூங்கா வனத் துறையின் காடு. கோட்டூர்புரத்து மரப் பூங்கா பொதுப்பணித் துறை நிலத்தில் தன்னார்வலர்கள் வளர்த்த தோப்பு. தொல்காப்பியப் பூங்கா என்று பெயர் சூட்டப்பட்ட அடையாறு பூங்கா, அரசு அறக்கட்டளை ஒன்று குப்பையிலிருந்து மீட்டெடுத்த உப்பங்கழி. நான்காவது இடமான பெசன்ட் நகர் முதல் நீலாங்கரை வரையிலான மணற்கரைக்கு வேலியும் கிடையாது, நுழைவுச் சீட்டும் கிடையாது. பூங்கா என்று அதை யாரும் அழைப்பதும் இல்லை. ஆனால், இந்த நகரத்தில் தன்னார்வத்தால் நடக்கும் இயற்கைப் பாதுகாப்புப் பணிகளுள் மிகப் பழமையான ஒன்று அங்கேதான் இன்றும் நடந்துவருகிறது.

இந்நான்கு இடங்களையும் பற்றித் தனித்தனியாக நிறையப் பேசப்பட்டிருக்கிறது. சேர்த்து வைத்துப் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. திறப்பு விழா முடிந்த மறுநாள் முதல் அந்த இடத்தின் அன்றாட வேலை யார் கையில் இருக்கிறது என்பது ஒன்று. அங்கே அழைத்து வரப்படும் பள்ளிப் பிள்ளை, அந்த இடத்தை உண்மையில் வாழவைப்பதும் சாகவைப்பதும் எது என்பதைத் தெரிந்துகொண்டு வீடு திரும்புகிறதா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு நான்கு இடங்களிலும் கிடைக்கும் விடை ஏறக்குறைய ஒரே திசையைத்தான் காட்டுகிறது.

கிண்டி

கிண்டிக் காட்டின் வரலாறு, அது இழந்த நிலத்தின் வரலாறாகவே பெரும்பாலும் இருக்கிறது. ஆங்கிலேய ஆளுநர்களின் வேட்டைக்காடாகவும் புறநகர் மாளிகையின் தோட்டமாகவும் இருந்த நிலம், 1910ஆம் ஆண்டு காப்புக்காடு ஆனபோது ஏறத்தாழ 500 ஹெக்டேர் பரப்புடையதாக இருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர் காந்தி மண்டபத்துக்கும், ராஜாஜி, காமராஜர் நினைவகங்களுக்கும், 1959இல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.டி. வளாகத்துக்கும், வேறு நிறுவனங்களுக்கும் என்று காடு கூறு கூறாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது எஞ்சியிருந்தது 270 ஹெக்டேர் சொச்சம்தான். அந்த அறிவிப்பும் சுற்றுச்சுவரும் இல்லாதிருந்தால் அந்த எச்சமும் எதாவது ஒரு வளாகத்தின் பின்கட்டாக ஆகியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால், சுவர் செய்யக்கூடிய வேலைக்கு ஓர் எல்லை உண்டு. இங்கு வாழும் வெளிமானுக்கு வெட்டவெளிப் புல்தரை வேண்டும். எதிரியைத் தொலைவிலேயே கண்டு ஓடிப் பிழைக்கும் விலங்கு அது. புதர் மூட மூடப் புள்ளிமானுக்கு இடம் கூடுகிறது, வெளிமானுக்குச் சுருங்குகிறது. சீமைக் கருவேலமும் மற்ற புதர்களும் புல்தரையை மூடாமல் பார்த்துக்கொள்வது, ஒரு முறை செய்து முடித்துவிடும் வேலையாக இல்லாமல், ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலையாக இருக்கிறது. தெருநாய்களும், காற்றில் பறந்து வரும் பிளாஸ்டிக் பைகளும் சுவரைக் கேட்டுக்கொண்டு உள்ளே வருவதில்லை.

கல்வி என்று பார்த்தால், கிண்டிக்கு வரும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காட்டைப் பார்ப்பதே இல்லை. அவர்கள் பார்ப்பது காட்டின் ஓரத்தில் அமைந்த சிறுவர் பூங்காவின் கூண்டுகளையும், அதன் அருகில் உள்ள பாம்புப் பண்ணையையும்தான். கூண்டுகளைப் பற்றி இங்கே சொல்வதற்கு அதிகமில்லை. பாம்புப் பண்ணை வேறு கதை. ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய அந்த இடம் 1970களின் தொடக்கத்திலிருந்து கிண்டியில் இயங்கிவருகிறது. பாம்பைக் கண்டால் அடித்துக் கொல்வதைத் தவிர வேறொன்றும் தெரியாதிருந்த ஒரு நகரத்துக்கு, எந்தப் பாம்புக்கு நஞ்சு உண்டு, எதற்கு இல்லை என்பதைக் கண்ணெதிரே எடுத்துக் காட்டியது அது. அதைவிட முக்கியமான ஒரு விளைவும் அங்கே முளைத்தது. அங்கு வந்து போய்க்கொண்டிருந்த இளைஞர்களில் சிலர்தான் 1970களின் முற்பகுதியில் இரவு நேரங்களில் சென்னைக் கடற்கரையில் நடந்து கடலாமை முட்டைகளைத் தேடத் தொடங்கினார்கள். அந்தத் தொடர்ச்சிக்குப் பின்னர் வருவோம்.

கோட்டூர்புரம்

கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டி, ஆற்றங்கரையில் இருக்கும் மரப் பூங்கா அளவில் மிகச் சிறியது. 2006ஆம் ஆண்டு ‘நிழல்’ என்ற அமைப்பு அங்கே வேலையைத் தொடங்கியபோது, அது கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டிக் கிடந்த பொதுப்பணித் துறைப் புறம்போக்கு. அப்படிப்பட்ட நிலத்தில் கன்று நடுவது எளிதில்லை. கடப்பாரை ஒரு சாண் இறங்குவதற்குள் செங்கல்லில் தட்டும்; செங்கல்லைப் பெயர்த்தெடுத்தால் அடியில் துணியும் பாலித்தீனும் பின்னிக்கொண்டு வரும். குழியைத் தோண்டி, கல்லைப் பொறுக்கி, வேறிடத்து மண்ணையும் எருவையும் போட்டு நிரப்பிய பிறகுதான் கன்று உள்ளே போக முடியும்.

இந்த இடத்தின் சிறப்பு, கன்று நட்டதில் இல்லை. மரக்கன்று நடும் விழாக்களுக்குத் தமிழ்நாட்டில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. பதாகை, நாற்காலி, புகைப்படம் எல்லாம் அமைந்துவிடும், அடுத்த கோடையில் அந்தக் குழியில் குச்சி மட்டும் நிற்கும். கோட்டூர்புரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். களை எடுப்பது, பாத்தி கட்டுவது, வெட்டிய களையையும் காய்ந்த இலையையும் மரத்தடியில் மூடாக்காகப் பரப்புவது, தண்ணீர் ஊற்றுவது என்று யாரும் படம் பிடிக்க விரும்பாத வேலைகளைப் பல ஆண்டுகள் செய்தார்கள். பூவரசு, புங்கன், நாவல், நீர்மருது என்று ஆற்றங்கரைக்கும் கடலோரத்துக்கும் உரிய நாட்டு மரங்களைத் தேர்ந்துகொண்டார்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரத்துக்குள் புகுந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் நகரத்தின் பல்லாயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. தெருவோரங்களில் வேர் பிடிப்பில்லாமல் நின்ற குல்மொஹர், தூங்குமூஞ்சி, இயல்வாகை போன்ற அயல் மரங்கள் அன்று பெருமளவில் விழுந்தன. நாட்டு மரங்கள் ஒப்பீட்டளவில் தாக்குப்பிடித்தன. எந்த மரத்தை நடுவது என்ற விவாதம் அதுவரை தாவரவியல் ஆர்வலர்களின் தனிப்பேச்சாக இருந்தது. வர்தாவுக்குப் பிறகு வீட்டு வாசலில் விழுந்து கிடந்த மரத்தை வெட்டி அகற்றியவர்களுக்கும் அது புரிந்தது.

தன்னார்வலர்களைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரே நாளில் நூறு பேர் ஒரே நிறச் சட்டையில் பேருந்தில் வந்து இறங்குவது எந்தப் பூங்காவுக்கும் பெரிய உதவியாக இருப்பதில்லை. நூறு பேருக்கு மண்வெட்டியும் கையுறையும் தேட வேண்டும். களை எது, நட்ட கன்று எது என்று சொல்லிக்கொடுத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். சில வேளைகளில் கன்றும் களையோடு சேர்ந்து போய்விடும். எட்டுப் பேர் ஐம்பது ஞாயிற்றுக்கிழமைகள் வந்தால் நடக்கும் வேலையே வேறு. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி முதல் வகைக்கு எளிதாகக் கிடைக்கிறது. இரண்டாவது வகைக்குத் தண்ணீர்க் குழாய் மாற்றக்கூடப் பணம் கேட்டு அலைய வேண்டியிருக்கிறது.

அடையாறு பூங்கா

கழிமுகத்தின் வடபுறம், ராஜா அண்ணாமலைபுரத்தையும் பட்டினப்பாக்கத்தையும் ஒட்டிக் கிடக்கும் உப்பங்கழி, ஒரு காலத்தில் கடலின் ஏற்றவற்றத்தோடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நீர்ப்பரப்பு. நகரம் வளர வளர அதன் மேல் இடிபாடுகள் கொட்டப்பட்டன, கட்டடங்கள் எழுந்தன, மீதி இடத்தைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. கழியையும் கழிமுகத்தையும் கட்டுமானங்களிலிருந்து காக்கக் கோரி 1990களில் குடிமக்கள் அமைப்புகள் நீதிமன்றம் சென்றதையும், அதையொட்டி நடந்த நீண்ட இழுபறியையும் இங்கே விரிக்கத் தேவையில்லை. பூங்கா என்ற எண்ணமே, எஞ்சிய நிலத்தையாவது கட்டடமாகாமல் காப்பாற்றிவிட வேண்டும் என்ற முயற்சியின் முடிவில் பிறந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இதற்கென அமைந்த அடையாறு பூங்கா அறக்கட்டளை, பின்னர் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று பெயர் மாறியது. முதல் கட்டமாக 58 ஏக்கரும் அதன் பிறகு ஏறத்தாழ 300 ஏக்கரும் சீரமைப்புக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. முதல் கட்டத்தின் திட்டத்தை வகுத்துக் கொடுத்த பிச்சாண்டிக்குளம் குழுவினர் ஆரோவில்லைச் சேர்ந்தவர்கள். சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டை மீட்டெடுப்பதில் பல பத்தாண்டு அனுபவம் உள்ளவர்கள். மழை குறைந்த, களிமண்ணும் செம்மண்ணும் கலந்த இந்தக் கடலோரத்துக்கே உரிய அந்தக் காடு இன்று பெரும்பாலும் அய்யனார் கோயில் காடுகளில்தான் துண்டு துண்டாக மிச்சமிருக்கிறது. சாமிக்குப் பயந்து கிளை ஒடிக்காமல் விட்ட ஊர்க்காரர்களின் புண்ணியத்தில், வீரை, உலக்கைப்பாலை, காசான், காட்டு எலுமிச்சை போன்றவற்றின் விதைகள் நமக்குக் கிடைக்கின்றன.

2008 தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குள் இடிபாடுகளும் குப்பையும் அகற்றப்பட்டு, தூர்ந்துபோன நீர்நிலைகள் தோண்டி இணைக்கப்பட்டு, கரைகளில் நாட்டுச் செடிகளும் நீர் விளிம்பில் அலையாத்தி எனப்படும் கண்டல் செடிகளும் நடப்பட்டன. 2011 ஜனவரியில் அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி பூங்காவைத் திறந்துவைத்தார். தொல்காப்பியம் நிலத்தைத் திணைகளாகப் பகுத்ததை நினைவூட்டும் பெயர், கழிமுகத்துக்குப் பொருத்தமானதுதான்; கழியும் கண்டலும் தாழையும் இல்லாமல் நெய்தல் பாட்டு இல்லை. நகரத்துப் பிள்ளைகளுக்கு நெய்தல் என்பது தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வி. இங்கே வந்தால் அது சேற்று மணத்தோடும் கொசுவோடும் இருக்கும் ஓர் இடம் என்பது தெரியவரும்.

பூங்கா திறந்ததும் அக்கம்பக்கத்தார் பலர் எதிர்பார்த்தது காலை நடைப்பயிற்சிக்கு ஒரு தடம். அது நடக்கவில்லை. பள்ளி மாணவர்களுக்கும், குறித்த நாட்களில் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்க வரும் சிறு குழுக்களுக்கும் என்றுதான் பல ஆண்டுகள் கதவு திறந்தது. வரிப்பணத்தில் உருவான பூங்காவுக்குள் வரி கட்டுகிறவர் நினைத்தபோது போக முடியாதா என்ற முறையீட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் அந்த முடிவு சரியானது என்பதே என் கருத்து. முக்குளிப்பான் கூடு கட்டும் குளக்கரையில் நாள்தோறும் ஆயிரம் பேர் கைப்பேசியில் பாட்டு வைத்துக்கொண்டு நடந்தால் முக்குளிப்பான் வேறிடம் தேடும். வேறிடம் இந்த நகரத்தில் அதிகம் இல்லை.

கல்வி பற்றிய என் மனக்குறையும் இந்தப் பூங்காவைப் பற்றியதுதான். வகுப்பு வகுப்பாக வந்திறங்கும் குழந்தைகள் பெயர்ப் பலகைகளைப் படிக்கிறார்கள். நத்தைக்குத்தி நாரையின் அலகில் ஏன் இடைவெளி இருக்கிறது என்று கேட்கிறார்கள். நண்டு வளையைக் குனிந்து பார்க்கிறார்கள். இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால், இந்தக் கழியின் நலத்தை முடிவு செய்யும் இரண்டு காரணிகளும் பூங்கா வேலிக்கு வெளியே இருக்கின்றன. முதலாவது, ஆற்றின் முகத்துவாரம். ஆண்டின் பெரும்பகுதியில் அலை கொண்டுவந்து குவிக்கும் மணல், முகத்துவாரத்தைத் திட்டாக அடைத்துவிடுகிறது. அடைத்துக்கொண்டால் கடல்நீர் உள்ளே ஏறுவதும் வற்றுவதும் நின்றுபோய், கழி குட்டையாகிறது. அதனால்தான் அவ்வப்போது இயந்திரம் வைத்து முகத்துவாரத்தைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. இரண்டாவது, மேலே பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றில் கலக்கும் கழிவுநீர். அறக்கட்டளை எவ்வளவு அருமையாகக் கண்டல் நட்டாலும், எங்கோ மேற்கே ஒரு வடிகாலில் இணைக்கப்பட்ட கழிப்பறைக் குழாய்தான் அந்தத் தண்ணீரின் தன்மையை முடிவு செய்கிறது. குழந்தையைப் பேருந்தில் ஏற்றிப் பூங்காவுக்குக் கொண்டுவரும் ஆசிரியர், திரும்பும் வழியில் திரு.வி.க. பாலத்தில் பத்து நிமிடம் நிறுத்தி ஆற்றின் நிறத்தைக் காட்டினால் பாடம் முழுமை பெறும். சுற்றுலாத் திட்டத்தில் அந்தப் பத்து நிமிடத்துக்கு இடம் இருப்பதில்லை.

மணற்கரை

நான்காவது இடத்துக்கு வருவோம். கடலாமைகளில் சென்னைக் கரைக்கு முட்டையிட வருவது பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்லும் சிற்றாமை. ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் கரையேறும் அதே இனம், இங்கே ஒன்றிரண்டாகத் தனித்தனியே ஏறுகிறது. ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும் அந்தப் பருவத்தில், பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் 1970களில் தொடங்கிவைத்த இரவு நடை, பின்னர் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கைக்கும் வனத் துறையின் கைக்கும் போய், 1980களின் இறுதியில் தொய்வடைந்தது. 1988இல் கல்லூரி மாணவர்கள் சிலர் அதைத் தங்கள் தோளில் ஏற்றுக்கொண்டு, கடலாமைப் பாதுகாப்புக்கான மாணவர் வலையமைப்பைத் தொடங்கினார்கள். மாணவர்கள் படிப்பு முடித்து வேலைக்குப் போவார்கள், அடுத்த அணி வரும். இப்படித்தான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இது ஓடிக்கொண்டிருக்கிறது.

நடை, நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் நீலாங்கரையில் தொடங்குகிறது. அங்கிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். மற்ற இரவுகளில் தன்னார்வலர்கள் மட்டும் நடப்பார்கள். பொதுமக்கள் வரும் இரவுகளில் முதலில் மணலில் உட்காரவைத்து ஆமையைப் பற்றிப் பேசுவார்கள். டார்ச் அடிக்கக் கூடாது, முன்னால் நடப்பவரைத் தாண்டக் கூடாது, ஆமையைக் கண்டால் சத்தம் போடக் கூடாது என்ற விதிகள் அப்போதே சொல்லப்பட்டுவிடும். அதன் பிறகு நடை மட்டும்தான். அலை நனைத்த மணல் கால் புதையாமல் இருக்கும் என்பதால் எல்லோரும் நீரோரமாகவே நடப்பார்கள். பல இரவுகளில் ஓர் ஆமையும் வராது. விடியற்காலையில் பெசன்ட் நகரை நெருங்கும்போது, பள்ளி மாணவன் ஒருவன் தூக்கத்தில் தள்ளாடிக்கொண்டு தந்தையின் கையைப் பிடித்தபடி வருவான். ஒன்றும் கிடைக்காத அந்த இரவு வீணானது என்று நான் நினைக்கவில்லை. காட்டுயிர் நம் வசதிக்காகக் காத்திருப்பதில்லை என்ற பாடத்தைக் கூண்டும் பெயர்ப் பலகையும் கற்பிக்க முடியாது.

தடம் தென்பட்டால் நிலைமை மாறிவிடும். அலை விளிம்பிலிருந்து மேட்டு மணலை நோக்கி, முக்கால் மீட்டர் அகலத்தில், துடுப்புக் கால்கள் ஒன்று மாற்றி ஒன்று தள்ளிய வரிகள் தெரியும். ஏறிய தடமும் இறங்கிய தடமும் இருந்தால் ஆமை திரும்பிவிட்டது என்று பொருள். தடத்தின் தலைப்பில் மணல் கலைந்து கிடக்கும் இடத்தில், பழகிய தன்னார்வலர் ஒரு கம்பை மெதுவாக ஊன்றிப் பார்ப்பார். கெட்டித்த மணலில் கம்பு எதிர்த்து நிற்கும். முட்டைக் குழியின் வாயில் பட்டால் சட்டென்று நழுவி இறங்கும். கம்பு முட்டையில் பட்டுவிடாமல் அந்த நழுவலை உணர்ந்த கணமே நிறுத்துவதற்குக் கை பழக வேண்டும். அதற்கு ஒரு பருவம் போதாது. பிறகு கையால் தோண்டுவார்கள். குடுவை போல அடி அகன்று வாய் குறுகிய குழி, ஒன்றரை அடி ஆழம். தோண்டுகிறவர் மணலில் கன்னம் பதியக் குப்புறப் படுத்து, தோள் வரை கையை விட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் வைப்பார். மேசைப்பந்து அளவில், அழுத்தினால் குழியும் தோலோடு, ஈரமாக, ஒரு குழிக்கு நூறுக்கு மேல் இருக்கும். அந்தக் குழியின் மணலையும் ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்வார்கள்.

இதில் அவசரமும் உண்டு. முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் கரு, ஓட்டின் உட்புற மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். எனவே, இரவோடு இரவாகப் பெசன்ட் நகர்க் கரையில் வேலி போட்ட பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில், அதே வடிவத்தில் குழி எடுத்துப் புதைத்து, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய அட்டையைச் செருகிவைக்கிறார்கள். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் மேலே வரும்.

பொரிப்பகம் இரண்டாந்தரத் தீர்வு என்பதை அதை நடத்துகிறவர்களே ஒப்புக்கொள்வார்கள். முட்டை, தாய் இட்ட இடத்திலேயே இருப்பதுதான் முதல் தரம். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29 டிகிரிக்கு மேல் போகப் போகப் பெண் குஞ்சுகளின் விகிதம் கூடும், இன்னும் சூடேறினால் முட்டையே வெந்துபோகும். ஒரே வேலிக்குள் எல்லா முட்டைகளையும் வைப்பது ஒரே வெப்பநிலைக்கு எல்லாவற்றையும் ஒப்படைப்பதாகும். அப்படியும் ஏன் எடுக்கிறார்கள் என்றால், நாய்கள் குழியைத் தோண்டிவிடும் என்பது ஒரு காரணம். விளக்குகள் அதைவிடப் பெரிய காரணம். பொரித்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சமான தொடுவானத்தை நோக்கிப் போகும் இயல்புடையது. விளக்கில்லாத கரையில் அது கடல். பெசன்ட் நகரிலும் நீலாங்கரையிலும் அது சாலை. கடற்கரைச் சாலையின் உயர்கம்ப விளக்குகளைப் பருவ காலத்தில் அணைத்துவைக்குமாறு தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் மாநகராட்சியிடம் கேட்டுக்கொள்வது இதனால்தான். இருட்டான கரையில் பெண்களின் பாதுகாப்பு என்னவாகும் என்று எதிர்க்கேள்வி வருகிறது; அதுவும் நியாயமான கேள்விதான். விளக்கை அணைக்காமல் கடலின் பக்கம் மறைத்து, தரையை நோக்கித் திருப்பினால் இரண்டு தரப்புக்கும் பாதி வழி கிடைக்கும்.

சாயங்காலம் குஞ்சுகளைக் கடலில் விடும் நேரத்தில் பெசன்ட் நகரில் கூட்டம் சேரும். பஜ்ஜி வாங்க வந்தவர்கள் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். கயிற்றுக்கு அந்தப்பக்கம் உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சுகள் தத்தித் தத்தி நீரைத் தொடும். ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து இனம் பெருக்கும் வயதை எட்டும் என்று தன்னார்வலர் சொல்வார். கூட்டம் உச்சுக்கொட்டும். மொத்த நிகழ்விலும் மிக அழகான காட்சி இதுதான். என் மதிப்பீட்டில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் காட்சியும் இதுதான். ஏனெனில் குஞ்சைக் கடலில் விட்டதோடு ஆமை காப்பாற்றப்பட்டுவிட்டது என்ற நிறைவோடு மக்கள் வீடு திரும்புகிறார்கள்.

2025 ஜனவரியில், சென்னையிலும் அதன் தெற்கேயும் நூற்றுக்கணக்கான சிற்றாமைகள் செத்துக் கரை ஒதுங்கின. அவை குஞ்சுகளல்ல, முட்டையிடுவதற்காக வந்த, பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிழைத்து வளர்ந்த ஆமைகள். கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தன. இழுவை வலையில் சிக்கி மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் மூழ்கிப்போனதன் அடையாளங்கள் அவை. ஆமைக்கு நுரையீரல்தான் உண்டு. வலை நீருக்கடியில் மணிக்கணக்கில் இழுபடும்போது அதற்கு வேறு வழி இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஆயிரம் குஞ்சுகளை விட்டு ஈட்டிய ஒன்றை ஒரே இழுப்பில் வலை பறிக்கிறது என்று கணக்குப் பார்த்தால், மூன்று மாதம் கண் விழித்து நடந்த தன்னார்வலர்களின் கையாலாகாத நிலை புரியும். கரையில் செய்யக்கூடியது அனைத்தையும் அவர்கள் செய்துவிட்டார்கள். சாவு நடப்பது கடலில்.

சட்டம் இல்லாமல் இல்லை. சிற்றாமை 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆமைப் பருவத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவை வலை போடக் கூடாது என்று 2016இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. வலையின் தொண்டையில் கம்பிச் சட்டம் பொருத்தி, மீன் உள்ளே போகவும் ஆமை மேல் திறப்பு வழியே தப்பவும் வழிசெய்யும் ஆமை விலக்குக் கருவியும் நெடுங்காலமாகப் பேசப்பட்டுவருகிறது. அந்தத் திறப்பு வழியே மீனும் போய்விடும் என்பது விசைப்படகுக்காரர்களின் அச்சம். டீசல் செலவே கட்டுப்படியாகாத நிலையில் அவர்கள் அதைப் பொருத்தத் தயங்குவதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. குப்பத்து ஃபைபர் படகு மீனவர்களின் நிலை வேறு. கரையோரத்தில் இழுவை வலை போட்டால் ஆமைக்கு முன்னால் அவர்களுடைய பிழைப்புதான் போகிறது. ஊரூர் ஆல்காட் குப்பம் பொரிப்பகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கடலில் விசைப்படகு எந்த இரவில் எவ்வளவு பக்கத்தில் வந்தது என்பது அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். ஆமை நடைக்கு வரும் நகரத்தாரில் எத்தனை பேர் அந்தக் குப்பத்து மனிதர் ஒருவரிடம் அதைக் கேட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம். 2002 முதல் நீலாங்கரையில் இயங்கும் ட்ரீ அறக்கட்டளை மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாகப் பயிற்றுவிப்பதை இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியாகப் பார்க்கலாம்.

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் 61 நாட்கள். அது ஏப்ரல் 15ஆம் தேதி தொடங்குகிறது. மீன் இனப்பெருக்கத்தைக் கருதி வகுத்த அந்த நாள்காட்டியில் ஆமைக்கு இடமில்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை தாய் ஆமைகள் கரையைச் சுற்றி நிற்கும்போது இழுவைப் படகுகள் முழு வேகத்தில் இயங்கும், தாய்கள் திரும்பிப் போன பிறகு கடல் அமைதியாகும். அந்த அமைதியான வாரங்களில்தான் மார்ச் மாதக் குழிகளின் கடைசிக் குஞ்சுகள் பொரிப்பகத்தில் மேலே வருகின்றன. அவற்றையும் கடலில் விட்டு, பொரிக்காத முட்டைகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதி, மே மாத வெயிலில் மூங்கிலைப் பிடுங்கி வேலியைச் சுருட்டிவைப்பார்கள். ஜனவரியில் அதே இடத்தில் அது மறுபடி ஊன்றப்படும்.